என் மகளின் காதுக்குள் நடந்தது

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த தொடர்மாடிக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை. ரயில் போகும்போது அலுமாரிக்குள் இருக்கும் கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுக்கும். வந்திருக்கும் விருந்தாளிகள் பேச்சை நிறுத்திவிட்டு, அது போய் முடியட்டும் என்று காத்திருப்பார்கள். என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த முதல் மாதங்களில் அந்தச் சத்தத்துக்கு ஒருமுறைகூட விழித்ததில்லை. "என்ன நல்ல பிள்ளை, கரைச்சலே இல்லை" என்று வந்தவர்கள் சொன்னார்கள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன்.

வீட்டில் அப்போது நான், என் கணவர், மகள், மாமி. மாமி எனக்கு மாமியார் மட்டுமல்ல, என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. நான் மச்சானைத்தான் கட்டினேன், அத்தான் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அப்பா இளம் வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்து கொட்டாஞ்சேனையில் தங்கிவிட்டவர். நான் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். மாமி ஊரில் இருந்தார். சண்டை வலுத்தபோது தன் ஒரே மகனைக் கொழும்புக்கு அனுப்பினார், பிறகு தானும் வந்து சேர்ந்தார். அத்தானுக்குக் காலி வீதியில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வேலை. எங்கள் கலியாணம் இரண்டு வீட்டாரும் எப்போதோ பேசி வைத்தது. எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

நான் கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தேன். மகள் வயிற்றில் இருந்தபோதும் போய்வந்துகொண்டுதான் இருந்தேன். ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் தேநீரைக் கையில் தந்துவிட்டு மாமி என் காலைப் பார்த்தார்.

"வீங்கியிருக்கு. இண்டைக்கு லீவு போடன் பிள்ளை."

"இண்டைக்குப் போகத்தான் வேணும் மாமி."

போயே ஆகவேண்டிய வேலை ஒன்றும் இருக்கவில்லை. கூட வேலை செய்த ஒருத்தி வெளிநாடு போகிறாள், அவளுக்குப் பிரியாவிடை, மத்தியானம் புரியாணி. அதற்காகத்தான் போனேன்.

சாப்பாடு வருவதற்கு முன்னால் குண்டு வெடித்தது. எங்கள் கட்டடத்தில் அல்ல, இரண்டு தெரு தள்ளி. ஆனாலும் ஜன்னல் கண்ணாடிகள் முழுவதும் உள்ளே வந்து மேசைகளின் மேல் கொட்டின. நான் ஏதோ கோப்பு எடுக்க இரும்பு அலுமாரிகளுக்குப் பின்னால் போயிருந்ததால் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வயிற்றுக்குள் பிள்ளை ஒரு தடவை துள்ளியது. அதைத் தெளிவாக உணர்ந்தேன். பிறகு சில நாட்களுக்கு என் காதுக்குள் ஓர் ஊதல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது தானாக நின்றது. நான் வேலையை விட்டேன்.

மகளுக்குக் காது கேட்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தது மாமி. பிள்ளை தவழத் தொடங்கியிருந்தாள். குசினியில் மாமியின் கையிலிருந்து பித்தளைத் தட்டம் நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. கீழ் வீட்டுக்காரர்கூட என்ன என்று கேட்டார். எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த மகள் திரும்பவில்லை. மாமி தட்டத்தை எடுத்து, பிள்ளையின் பின்னால் போய் நின்று, வேண்டுமென்றே மறுபடியும் போட்டார். அவள் கையில் இருந்த கரண்டியை வாயில் வைத்தபடியே இருந்தாள். மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பொரளைப் பக்கம் ஒரு கிளினிக்கில் சோதித்தார்கள். இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை என்றார்கள். ஏன் என்று கேட்டேன். "சொல்ல முடியாது, பல காரணங்கள் இருக்கலாம்" என்றார் அங்கிருந்த வைத்தியர். கர்ப்ப காலத்தில் ஏதாவது காய்ச்சல், மருந்து, அதிர்ச்சி இருந்ததா என்று கேட்டார். நான் குண்டைப் பற்றிச் சொன்னேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதே எனக்குப் போதுமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில், ஆட்டோவுக்குள், மாமி மகளை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"அண்டைக்கு நீ போகாமல் இருந்திருக்கலாம், பிள்ளை."

கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் களைத்த குரலில் சொன்னார். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒருமுறை சொன்னதே என்னோடு குடியிருக்கத் தொடங்கிவிட்டது. சோறு வடிக்கும்போதும், மகளின் தலையை வாரும்போதும், ஒரு தட்டுப் புரியாணிக்காக என் பிள்ளையின் காதைக் கொடுத்துவிட்டேன் என்று நினைப்பேன். அத்தானிடம்கூடச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். மகளோடு முதலில் பேசப் பழகியது நானோ அத்தானோ அல்ல, மாமிதான். பள்ளிக்கூடத்தில் முறையான சைகை மொழி கற்பிக்கும் முன்பே மாமியும் அவளும் தங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தார்கள். இடியப்பத்துக்கு விரல்களைச் சுற்றுவது, மழைக்கு மூக்கின் நுனியைத் தொடுவது, அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதற்கு ஒரு புருவத்தை உயர்த்துவது. அந்தக் கடைசிச் சைகையை வெகு காலம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதற்குள் அது வீட்டில் எத்தனையோ முறை என் முன்னாலேயே பாவிக்கப்பட்டிருந்தது.

அவள் ரயிலையும் தன் வழியில் அறிந்துகொண்டாள். வெறுங்காலோடு தரையில் நிற்பாள். திடீரென்று ஜன்னலுக்கு ஓடுவாள். எங்களுக்குச் சத்தம் கேட்பது அதற்குப் பிறகுதான்.

காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்த்தோம். தினமும் நான்தான் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். கொஞ்சக் காலம் சமாதானம் என்று இருந்தது. பிறகு சண்டை மறுபடி தொடங்கியது, எடுத்து வைத்த சோதனைச் சாவடிகள் எல்லாம் திரும்பி வந்தன. எங்கள் ஒழுங்கை காலி வீதியில் ஏறும் இடத்திலும் ஒன்று போட்டார்கள்.

ஒருநாள் காலை அந்தச் சாவடியின் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு நாய்க்குட்டி நின்றது. மகள் என் கையை உதறிவிட்டு அதைப் பார்த்து ஓடினாள். "நவத்தின்ன" என்று ஒரு குரல். நில் என்று. அவள் ஓடினாள். மறுபடியும் உரக்க "நவத்தின்ன". அவள் நிற்கவில்லை. அந்த இளம் சிப்பாய் துவக்கை உயர்த்தினான். எனக்கு என் சொந்த மொழியே மறந்துபோன மாதிரி இருந்தது. கொட்டாஞ்சேனையில் சின்ன வயதில் பழகிய சிங்களம்தான் வாயில் வந்தது.

"கன் எஹென்னே நே, மஹத்தயா. பொடி லமயெக்." காது கேட்காது ஐயா, சின்னப் பிள்ளை.

அவன் துவக்கைக் கீழே இறக்கினான். அதற்குள் மகள் நாய்க்குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துவிட்டாள். அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டான்.

"இவளை நிற்கச் சொல்ல வேண்டுமென்றால் நான் என்ன செய்ய வேண்டும்?"

உள்ளங்கையை விரித்து முன்னால் காட்டும் சைகையை அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். அடுத்த நாளிலிருந்து எங்களைத் தூரத்தில் கண்டதுமே அவன் உள்ளங்கையை உயர்த்துவான். மகள் அந்த இடத்திலேயே சிலை போல நிற்பாள். பிறகு அவன் கையை இறக்கி வா என்று அழைப்பான். அவளுக்கு அது தினமும் ஒரு விளையாட்டு. சில மாதங்களில் அவனை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். வடக்கே போயிருக்கக் கூடும். போனவன் திரும்பி வந்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் முகம் இன்னும் நினைவிருக்கிறது. மேல் உதட்டில் சரியாக முளைக்காத மீசை.

அந்த வருடம்தான் டொக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சிங்களப் பெண், என்னைவிடச் சில வயது இளையவர். வெளிநாட்டில் எலிகளின் உட்காதைப் பற்றிப் படித்துவிட்டுத் திரும்பி வந்து, மருத்துவ மாணவர்களுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளின் பெற்றோரை வரச் சொல்லி, விரும்பியவர்களிடம் கொஞ்சம் இரத்தம் எடுத்தார். காரணம் தெரிந்தாலும் கேட்கச் செய்ய முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார். சில தாய்மார் எழுந்து போய்விட்டார்கள். நான் இருந்தேன்.

எங்கள் முறை வந்தபோது, "நீங்கள் இரண்டு பேரும் கலியாணத்துக்கு முன்பே சொந்தமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

அத்தான் கொஞ்சம் கூச்சப்பட்டார். "மச்சாள்தான்," என்றார்.

"எங்கள் ஊரிலும் அப்படித்தான். என் அம்மாவும் அப்பாவும் அவஸ்ஸ நேனா, மஸ்ஸினா," என்று டொக்டர் சிரித்தார். சொந்த மச்சான், மச்சாள் என்று அர்த்தம். அந்தச் சிரிப்பில் என் கணவரின் தோள் தளர்ந்ததைக் கவனித்தேன்.

இரத்தம் வெளிநாட்டுக்குப் போய் முடிவு வர நெடுங்காலம் எடுத்தது. நாங்கள் ஏறக்குறைய மறந்துவிட்டோம். பள்ளிக்கூட விடுமுறையில் ஒருநாள் டொக்டர் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று பேரையும் தன் ஆய்வுகூடத்துக்கு வரச் சொன்னார்.

வாசலில் எங்கள் அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டொக்டரே கீழே இறங்கி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆய்வுகூடம் ஒடுக்கமான அறை, மருந்து வாசனை. மகளுக்கு ஒரு உயரமான சுழல் கதிரை கிடைத்ததில் பெரிய சந்தோஷம்.

"முதலில் உங்களுக்கு இரண்டு காதுகளைக் காட்டுகிறேன். எலிக்குஞ்சின் காது," என்றார் டொக்டர். சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேசினார். எனக்கு விளங்காத இடத்தில் நிறுத்திவிட்டு வேறு சொல் தேடினார். நான் அதைத் தமிழில் நினைவில் வைத்திருக்கிறேன். பிறகு மகளின் பள்ளிப் புத்தகங்களில், அவர் செல் என்று சொன்னதற்குக் கலம், தாங்கு கலம் என்ற சொற்களைப் பார்த்தபோது அவை எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள் போல இருந்தன.

எலிக்குஞ்சு பிறக்கும்போது செவிடு, என்றார். அதன் காது பிறந்த பிறகுதான் வளர்ந்து முடிகிறது. மனிதப் பிள்ளைக்கு அதே வேலை தாயின் வயிற்றுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. நத்தை ஓடு போலச் சுருண்ட அந்த உட்காதுக்குள் தொடக்கத்தில் ஒரே மாதிரியான கலங்கள்தான் ஒரு படையாக இருக்கின்றன. அவற்றில் சில, ஒலியைப் பிடிக்கிற மயிர்க் கலங்களாக மாறத் தொடங்கும். அப்படி மாறுகிற ஒவ்வொன்றும் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் கலங்களை, நீங்கள் மாற வேண்டாம் என்று தடுத்துவிடும். தடுக்கப்பட்டவைதான் தாங்கு கலங்கள்.

"வெகு காலமாக அவற்றை வெறும் தூண்கள் என்றுதான் நினைத்திருந்தார்கள். பெயரே அப்படித்தானே? ஆனால் காதை வளர்த்து எடுப்பதில் பாதி வேலை அவற்றுடையது. காது ஒரு சத்தத்தையும் கேட்பதற்கு முன்பே, சில தாங்கு கலங்கள் இடையிடையே ஒரு இரசாயனத்தை வெளியே விடும். பக்கத்து மயிர்க் கலம் அதைச் சத்தம் என்று நினைத்து மூளைக்குச் செய்தி அனுப்பும். முதல் சத்தம் வருவதற்கு முன்பே மூளைக்குப் பாதை பழகிவிடும்."

நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். முதலில் என் கண்ணிமை மயிர்தான் தெரிந்தது. பிறகு ஊதா நிறத்தில் புள்ளிகள் நிறைந்த ஒரு திரை. அதன் நடுவில் தெளிவான முக்கோண வெளி.

"அந்த முக்கோணம்தான் சுரங்கம். இரண்டு தாங்கு கலங்கள் தலையைச் சாய்த்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. அவற்றின் கால்கள் விலகி நின்றால்தான் அந்த வெளி திறக்கும். இது கேட்கிற எலி."

துண்டை மாற்றினார். அதே ஊதா, அதே புள்ளிகள். ஆனால் முக்கோணம் இல்லை. அந்த இடம் அடைத்துக்கொண்டு கிடந்தது.

"இது கேட்காத எலி. தாங்கு கலங்களுக்கு நடுவில் மிகச் சிறிய வாசல்கள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பொருட்கள் அதன் வழியாகப் போகும். அந்த வாசலைச் செய்கிற புரதம் இந்த எலிக்கு இல்லை. அதனால் தாங்கு கலங்கள் வளர்ந்து முடியவில்லை, சுரங்கம் திறக்கவில்லை. மயிர்க் கலங்கள் முதலில் நன்றாகத்தான் இருந்தன. பிறகு அவையும் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன."

அவர் கதிரையை இழுத்து எங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"உங்கள் மகளுக்கும் அந்தப் புரதம்தான் இல்லை. அதைச் செய்யச் சொல்கிற பரம்பரையலகு ஒவ்வொருவருக்கும் இரண்டு. உங்களுக்கு ஒன்று பழுது, ஒன்று நல்லது. உங்கள் கணவருக்கும் அப்படியே. ஒன்று நல்லதாக இருந்தால் போதும், காது கேட்கும். மகளுக்கு உங்கள் இருவரிடமிருந்தும் பழுதானதே வந்துவிட்டது. உங்களுக்குப் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் அப்படி வரலாம், வராமலும் போகலாம்."

நான் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. வயிற்றில் இருந்தபோது குண்டு வெடித்தது, நான் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னேன். பிள்ளை துள்ளினாள் என்றும் சொன்னேன்.

டொக்டர் இல்லை என்று தலையசைத்தார்.

"இது அந்தக் குண்டுக்கும் முன்னால். அவள் உங்கள் வயிற்றில் வந்த முதல் நாளே முடிவானது. நீங்கள் அன்று வீட்டில் படுத்திருந்தாலும் இந்தக் காது இப்படியேதான் இருந்திருக்கும்."

"திரும்பச் சொல்லுங்கோ," என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

அவர் சிங்களத்தில் சொன்னார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, எங்கே பழகினாரோ, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னார். "அம்மா, குண்டு இல்ல. நீங்க இல்ல."

நான் அழவில்லை. வெகு காலம் தூக்கி வைத்திருந்த ஒரு பையைக் கீழே வைத்தால் கை இன்னும் மடங்கியே இருக்குமே, அப்படி இருந்தேன். அத்தான்தான் கண்ணைத் துடைத்தார்.

"இவ்வளவு வருஷமும் இதையே தனிய நினைச்சுக்கொண்டு இருந்தனீர்? என்னட்டச் சொல்லியிருக்கலாமே." பிறகு, ஏறக்குறைய சந்தோஷமாக, "அப்ப நானும்தான்," என்றார்.

மகள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். டொக்டர் கதிரையை உயர்த்தி அவளுக்கும் இரண்டு துண்டுகளையும் காட்டினார். முதலாவதைப் பார்த்துவிட்டு அவள் இரண்டு கைகளையும் கூரை போலச் சேர்த்தாள். வீடு. இரண்டாவதைப் பார்த்துவிட்டு, எது என்னுடையது என்று சைகையில் கேட்டாள். நான் தயங்கினேன். டொக்டர் என்னிடம் கேள்வி என்னவென்று கேட்டு அறிந்துகொண்டு, இரண்டாவதைக் காட்டினார். அவள் மறுபடியும் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து, நிறம் வடிவாக இருக்கிறது என்றாள். பிறகு பசிக்கிறது என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமி வரவேற்பறைத் தரையில் பேப்பரை விரித்து வைத்துப் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். இதை எப்படிச் சொல்வது என்று வரும் வழியெல்லாம் நாங்கள் பேசியிருந்தோம். மாமி தன் மேல் பழி வருகிறது என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம் அத்தானுக்கு. கடைசியில் அவர்தான் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, வாசல், புரதம் எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

மாமி முறிப்பதை நிறுத்தவில்லை. "அப்ப குண்டாலை இல்லை."

"இல்லை அம்மா. எங்கட ரத்தத்தில இருந்தது."

"உன்ரை ரத்தமெண்டால் என்ரை ரத்தம்தானே."

"ஓம் அம்மா. உங்களிட்டையும் மாமாட்டையும் இருந்து வந்திருக்கலாமாம்."

மாமா என்று அவர் சொன்னது என் அப்பாவை. மாமி கையில் இருந்ததைப் பேப்பரில் வைத்தார். கடல் காற்றில் பேப்பரின் ஓரம் படபடத்தது. மாமி அதைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரு அண்ணர் இருந்தவர்," என்றார்.

எனக்கு அது புதிது. அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அத்தானுக்கும் தெரியாது.

"பிள்ளை, உன்ரை கொப்பருக்கும் எனக்கும் மூத்தவர். பிறந்ததில இருந்தே கதைக்க மாட்டார். ஊமை எண்டு விட்டிட்டினம். கூப்பிட்டால் வரமாட்டார். எங்கட ஐயா சொல்லுவார், உவன் குழப்படி, சொல்வழி கேளான் எண்டு. கம்பெடுத்து அடிப்பார். சின்னவள் நான், நானும் அவரைக் கிள்ளுவன், ஏன் திரும்பிப் பாக்கிறாயில்லை எண்டு. பிறகு காய்ச்சல் வந்து செத்துப்போனார். பாவம், அதுக்குக் கேக்கேல்லப் போலை. கதைக்க ஏலாது எண்டுதான் நினைச்சம். கேக்கேல்லை எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை."

மகள் வந்து மாமியின் மடியில் தலையை வைத்துப் படுத்தாள். மாமி அவள் காதை விரலால் தடவினார்.

"எப்பவும் எங்கட வாயையே பாத்துக்கொண்டிருப்பார்," என்றார். "இவள் பாக்கிற மாதிரி."

பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, நான் உனக்கு ஒரு சொல் சொன்னனான். ஆட்டோவுக்குள்ளை. நீ அதை மறக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

"அதை விடுங்கோ மாமி."

"விடேலாது. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்."

என் வாழ்க்கையில் மாமியைத் தவிர வேறு பெரியவர்கள் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சப் பயிற்றங்காயை முறித்தேன்.

அடுத்த நாளே கொட்டாஞ்சேனைக்கு, என் அப்பாவிடம் போக வேண்டும் என்று மாமி பிடிவாதமாக நின்றார். வழி முழுவதும் சோதனை, பஸ்சிலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. மாமிக்கு முழங்கால் நோவு. இருந்தும் ஒரு சொல் சொல்லாமல் வந்தார். அப்பா அப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மூக்குக்கண்ணாடியைத் தேடுவதும் பேப்பர் பார்ப்பதுமாக இருந்தார். தங்கையைக் கண்டதும் ஏதோ செத்த வீடு என்று பயந்துவிட்டார்.

மாமி உட்கார்ந்து அந்த அண்ணரின் பெயரைச் சொன்னார். ஊமையன் என்றல்ல, வைத்த பெயரை. அப்பா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அவர் என்னைத் தோளிலை வைச்சுக்கொண்டு திரிஞ்சவர்," என்றார். "கோயில் திருவிழாவிலை மேளகாரருக்குப் பக்கத்திலை போய் நிப்பார். தவிலிலை கையை வைச்சுப் பாக்க விடச் சொல்லிக் கேப்பார். ஒருத்தர் விட்டவர். கையை எடுக்கவே மாட்டன் எண்டு நிண்டவர்."

இரண்டு பேரும் அந்தப் பின்னேரம் முழுவதும் அவரைப் பற்றியே பேசினார்கள். ஒருவருக்கு நினைவில்லாததை மற்றவர் சொன்னார். சில இடங்களில் சண்டையும் பிடித்தார்கள். அவருடைய படம் ஒன்றும் கிடையாது. எந்தக் கையால் சாப்பிட்டார் என்பதில்கூட இருவருக்கும் ஒத்துவரவில்லை. நான் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒரு பெரியப்பா கிடைத்திருக்கிறார் என்று நினைத்தேன். காணாமல் போய், அவ்வளவு காலம் கழித்து, என் மகளின் காது வழியாக.

அத்தானும் நானும் பிறகு வேறு பிள்ளை பெறவில்லை. பயத்தால் அல்ல. டொக்டர் எல்லாவற்றையும் விளக்கியபின், இவள் ஒருத்தி எங்களுக்குப் போதும் என்று தோன்றியது. யுத்தம் முடிந்த பிறகு மாமி இரண்டு தரம் ஊருக்குப் போய்வந்தார். மூன்றாம் தரம் போக ஆயத்தம் செய்திருந்தபோது வெள்ளவத்தை வீட்டிலேயே, கஷ்டப்படாமல், கண்ணை மூடினார். மகள் பள்ளிக்கூடம் முடித்துப் பொய்ப்பற்கள் செய்யும் வேலை பழகினாள். இப்போது அதுதான் அவள் தொழில். கெட்டிக்காரி என்று சொல்கிறார்கள்.

டொக்டரோடு பழக்கம் விட்டுப்போகவில்லை. மகள் வேலை பழகிக்கொண்டிருந்த நாட்களில் ஒருநாள், தன் மாணவர்களோடு பேச வரமுடியுமா என்று அவளைக் கேட்டார். அவள் உடனே சரி என்றாள். மொழிபெயர்க்க நான் போனேன்.

படிக்கட்டுப் போல வரிசை உயர்ந்துபோகும் பெரிய மண்டபம். டொக்டர் முதலில் அந்த ஊதா நிறப் படங்களைத் திரையில் போட்டுத் தாங்கு கலங்களைப் பற்றிச் சொன்னார். பிறகு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டார். மகள் முன்னால் வந்து நின்றாள். சிவப்புச் சல்வார் போட்டிருந்தாள். ஒரு மாணவன் எழுந்து, "உங்கள் மகள் வைத்தியரிடம் போகும்போது சந்திக்கிற பெரிய கஷ்டம் என்ன?" என்று கேட்டான்.

நான் அதைக் கையால் அவளுக்குச் சொன்னேன். அவள் அவனை நேராகப் பார்த்துப் பதில் சொன்னாள். அதை நான் வாயால் சொல்லவேண்டியிருந்தது.

"என்ர அம்மாவைப் பாத்துக் கேட்கிறீங்கள். நான் இங்கை நிக்கிறன். என்னைப் பாத்துக் கேளுங்கோ."

மண்டபத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த மாணவன் காது சிவக்க, இந்தமுறை அவளைப் பார்த்து, அதே கேள்வியை முதலிலிருந்து கேட்டான். கடைசி வரிசையில் டொக்டர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பது தெரிந்தது. நான் அவருக்குக் கையால் நன்றி சொன்னேன். நடுவில் இருந்த யாருக்கும் அது விளங்கியிருக்காது. மகளின் கைகள் அதற்குள் அடுத்த பதிலைத் தொடங்கிவிட்டிருந்தன, நான் அவசரமாக அவளிடம் திரும்பினேன்.